கொதிக்கும் காரும் நீர்ப்பம்பியும்

பழைய கார் ஒன்று நடுவழியில் ஆவி கக்கி நின்றால், "நீர்ப்பம்பி ஒன்று பூட்டினாற் போதும்" என்று சொல்வோர் பலர். பூட்டுமுன் சற்றுச் சிந்திப்போம்.

அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேலாகச் செய்யப்பட்டது போர்ட் 'மொடல் ரீ' கார். முதல் 2,500 கார்களில் மட்டுமே நீர்ப்பம்பி இருந்தது. 1909இல் அது நீக்கப்பட்டது. எஞ்சினிற் சூடேறிய நீர் இலேசாகி மேலெழும். றேடியேற்றரிற் குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். இந்நியதியே நீரைச் சுற்றியோடச் செய்தது.

அவ்வாறாயின் இன்று அது கொதிப்பதேன்? கிணற்று நீர் காய்ச்சும் கேத்தலின் அடியிற் சுண்ணாம்பு படிவதை நாம் அறிவோம். அதுவே றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகின்றது; துருவும் அடைக்கின்றது. நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே தாழ்ந்தால் ஓட்டமே நின்றுவிடும். அடைபட்ட றேடியேற்றரிற் பம்பியைப் பூட்டினாலோ, தள்ளப்பட்ட நீர் செல்ல வழியின்றி வெளியே வழிந்தோடும்.

ஆகவே, எஞ்சின் நன்கு ஆறியபின் நீரை வடித்து, கீழிருந்து மேலாகத் தூய நீரைச் செலுத்திக் கழுவுக. உள்ளே உரிந்த இறப்பர்க் குழாய்களை மாற்றுக. பின்னர் மழைநீரை நிரப்புக. சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தலும், வற்றிய எஞ்சினிற் குளிர்நீர் ஊற்றுதலும் ஆகா. முன்னது கையைச் சுடும், பின்னது இரும்பைப் பிளக்கும்.

இவற்றின் பின்னும் கொதித்தால் பம்பியைப் பற்றி எண்ணலாம். புதியதைச் சேர்க்குமுன் பழையது எதனை இழந்தது என்று கேட்பதே நல்ல பழுதுபார்ப்பின் முதற் பாடம். மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.