பன்னிரண்டு பெரிதா, ஒன்று பெரிதா?



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த கேலியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சென்ஹைசர் ஐஇ 900 வைத்திருக்கும் ஒரு தம்பியை, "காதுக்கு ஒரே டிரைவரா? 64 ஆடியோ யூ12டி-யில் பன்னிரண்டு இருக்குடா" என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்தீர்கள். ஆரம்பித்து வைத்தவன் என் சொந்த மருமகன். அதைப் படித்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான இன்னொரு பிள்ளை, தவணையில் யூ12டி வாங்கப் போவதாக எனக்குப் போன் செய்தான். இரண்டுமே லட்ச ரூபாயைத் தாண்டிய இயர்போன்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

பன்னிரண்டு என்பது மார்க் அல்ல. யூ12டி-யில் இருப்பவை பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்னும் குட்டி டிரைவர்கள். தாழ்ந்த ஒலிக்கு 4, நடு ஒலிக்கு 6, அதற்கு மேல் 1, உச்ச ஒலிக்கு 1 என்று வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. ஐஇ 900-இல் 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கிறது. வேண்டாத ஒத்ததிர்வை அடக்க, அலுமினிய உடலுக்குள்ளேயே சிறு அறைகள் குடைந்திருக்கிறார்கள். பிளஸ் ஒன்னில் நடத்திய பாடம்தான், மறந்துவிட்டீர்களா? வழிகள் வேறு, அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை மருமகனையும் அந்தத் தம்பியையும் வீட்டுக்கு வரவழைத்தேன். ஒரே கருவி, ஒரே வால்யூம். "பாத்தீங்களா மாமா, பன்னிரண்டுதான் கம்பீரம்!" என்றான் மருமகன். ஒரே வால்யூமில் யூ12டி சில டெசிபல் உரக்கக் கேட்கும். அதன் உணர்திறன் அதிகம். உரக்கக் கேட்பதெல்லாம் நன்றாகக் கேட்பதுபோல் தோன்றுவது நம் காதின் பலவீனம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு இரண்டையும் சமமாக்கினேன். கம்பீரம் பாதி காணாமல் போனது.

மிச்சம் இருந்ததுதான் உண்மையான குணம். ஐஇ 900-இல் மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் இறங்குகிறது, கஞ்சிராவின் சலங்கை மினுங்குகிறது. ஆனால் பாடகர் ஓரடி பின்னால் தள்ளி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. யூ12டி-யில் குரல் முன்னால், இதமாக வருகிறது. வயலின் அதனோடு ஒட்டாமல் தனியே தெரிகிறது. தொப்பியின் காற்றடி மட்டும் சற்றுக் குறைவு.

நான் கேட்பது வாய்ப்பாட்டு. எனக்கு யூ12டி-தான் பிடித்தது. ஆம், மருமகன் கட்சியேதான்! ஆனால் அவன் சொன்ன காரணம் தப்பு. விடை சரியாக இருந்தாலும் வழிமுறை தப்பென்றால் நான் என்றைக்காவது முழு மார்க் போட்டிருக்கிறேனா? அதோடு, இது 67 வயதுக் காது. உச்ச ஒலிகள் எனக்கு எட்டுவதே இல்லை. என் தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தாது.

தவணைக்குத் தயாரான தம்பி, முதலில் உன் பாட்டை வைத்து இரண்டையும் கேள். ரப்பர் முனை காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் எந்த இயர்போனிலும் பேஸ் ஓடிப்போகும். அதைப் பார்த்துவிட்டுப் பேசு. ஊர் வாயை மூட யாரும் கடன் வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் சத்தத்தைக் குறையுங்கள்: 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலில் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போன காதைத் தவணையில் வாங்க முடியாது.

மருமகனே, கிண்டல் செய்த அதே குழுவில் அந்தத் தம்பியிடம் வருத்தம் தெரிவி. இன்று இரவுக்குள் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்