தேக்கமும் ஊக்கமும்

புதியதொரு கலையையோ தொழிலையோ கற்கப் புகுவார்க்குத் தொடக்கத்தில் உள்ள உற்சாகம் இடைவழியில் குன்றுவதன் காரணம் யாது? குன்றிய உற்சாகத்தை மீட்கும் வழி யாது? மாணவர் யாவர்க்கும் உரிய இவ்வினாக்களை நம் ஊர்ப்புறத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு சிறிது ஆராய விரும்புகின்றோம்.

அவிநாசியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உழவர், விசைத்தறி ஓட்டுவோர் முதலியோரின் மக்கள் பலர், கலாசாலைப் படிப்போடு தட்டச்சும் பயின்று வருகின்றனர். அரசாங்கத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்களும், முதுநிலைக்கு 45 சொற்களும் அடித்தல் வேண்டும். தமிழ், ஆங்கிலம் என்னும் இரண்டனுள் ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையுமேனும் தேறினாலன்றி, தமிழ்நாட்டு அரசாங்கத்தில் தட்டச்சர் பதவிக்குத் தகுதி உண்டாவதில்லை. இளநிலையைச் சில திங்களில் எளிதாகக் கடந்த மாணவி ஒருத்தி, 38 சொற்களை எட்டியதும் நின்று விடுகின்றாள். நாள்தோறும் தவறாது பழகியும் வேகம் ஏறுவதில்லை. "எனக்கு வரக்கூடியது இவ்வளவுதான்" என்று அவள் மனம் சோர்கின்றாள். "திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமைதோறும் சம்பளம் வருமே" என்று வீட்டாரும் சொல்லத் தொடங்குகின்றனர். அச்சொல்லில் குற்றங்காண நாம் துணியோம். குடும்பத்தின் முடை அத்தகையது. ஆயினும், பயிற்சியைக் கைவிடுதற்கு உரிய காலம் அதுவன்று என்பதே நம் கருத்து.

இத்தேக்கம் அம்மாணவி ஒருத்திக்கே நேர்ந்ததன்று. அமெரிக்க நாட்டு இண்டியானா சர்வகலாசாலையைச் சார்ந்த பிரையன், ஹார்ட்டர் என்னும் இருவர், தந்தி பயில்வோரை ஆராய்ந்து 1897-லும் 1899-லும் தம் முடிவுகளை வெளியிட்டனர். தந்தியின் ஒலியைக் கேட்டு எழுதும் திறமை சில காலம் ஏறி, பின் நெடுநாள் ஏறாது நின்று, அதன்பின் மீண்டும் ஏறுவதை அவர்கள் கண்டனர். தொடக்கத்தில் எழுத்து எழுத்தாகக் கேட்பவன், பின்னர்ச் சொல்லாகவும், அதன்பின் தொடராகவும் கேட்கப் பழகுகின்றான். கீழ்ப்படியிலுள்ள பழக்கம் தானே நிகழும் அளவிற்கு முதிர்ந்தாலன்றி மேற்படிக்கு மனம் செல்லாது. வெளிக்குத் தேக்கமாகத் தோன்றும் காலம் உள்ளே அம்முதிர்ச்சி நிகழும் காலமே என்பது அவர்கள் கொள்கை. 1908-இல் தட்டச்சைப் பற்றியே ஒரு நூல் எழுதிய வில்லியம் புக் என்பவரோ, கவனமும் முயற்சியும் தளர்வதே தேக்கத்திற்குக் காரணம் என்றார். 1958-இல் பிரெட் கெல்லர் என்னும் அறிஞர், இத்தகைய தேக்கம் கற்போர் யாவர்க்கும் வந்தே தீரும் என்பதையே மறுத்தார்.

அறிஞர் இங்ஙனம் மாறுபடினும், நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. தேக்கம் என்பது திறமையின் எல்லையன்று. பழைய முறை தரக்கூடியதைத் தந்து முடித்துவிட்டது என்பதற்கு அறிகுறியாதலும் கூடும். நம் நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரையில் அது ஏனைய ரயில்களைப் போலவே ஓடுகின்றது. கல்லாற்றிற்கு அப்பால் ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி என்னும் ஏற்றம் வருகின்றது. அவ்விடத்தில் எஞ்சினின் பற்சக்கரம், தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு குன்னூர் வரையில் ஏறுகின்றது. சமநிலத்தில் ஓடிய முறையாலேயே மலையேற அது முயல்வதில்லை.

கற்போரும் அவ்வாறே முறையை மாற்றுதல் வேண்டும். முதலாவது, நாள்தோறும் வேகத்தை அளந்து மனம் வாடாமல், வாரத்திற்கு ஒருமுறை அளந்தால் போதும். இரண்டாவது, எங்கே தடைப்படுகின்றது என்று ஆராய்தல் வேண்டும். சுண்டுவிரலுக்குரிய எழுத்துக்களிலா, எண்களிலா, கண் அடிக்கடி விசைகளை நோக்குவதிலா என்று கண்டு, அவ்வொரு குறையையே ஒரு வாரம் திருத்துக. மூன்றாவது, பிழை வரினும் வருக என்று எளிய பகுதி ஒன்றைச் சிறிது நேரம் மிகு வேகத்தில் அடித்தும், பின்னர் மெல்ல அடித்துப் பிழை நீக்கியும் பழகுக. ஒரே பகுதியை ஒரே வேகத்தில் நூறுமுறை அடிப்பது உழைப்பாகலாம், கல்வியாகாது. நான்காவது, களைத்தபோது ஓய்வு கொள்க. ஓய்வு வேறு, கைவிடுதல் வேறு.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நாம் கூறுவது ஒன்று. வேகம் ஏறும் நாட்களில் மாணாக்கனுக்குப் பிறர் பாராட்டு அவ்வளவு வேண்டுவதில்லை. ஏறாத நாட்களிலேதான் ஓர் ஆறுதல்மொழி வேண்டும். மேலே கூறிய மாணவிக்கு இன்னும் 7 சொற்களே குறை. அவற்றிற்குரிய சில திங்களை வீட்டார் அவளுக்கு அளிப்பாராயின், அவள் வாழ்நாள் முழுதிற்கும் அது உதவியாகும். அதனை அளிக்க இயலாத இல்லங்களும் உண்டென்பதை நாம் அறிவோம். அத்தகையோர்க்கு மாலை வேளையிலோ விடுமுறை நாளிலோ பயிற்சி தொடருமாறு ஆசிரியர் வழி செய்தல் நன்று.

மாணவ நண்பர்காள்! தட்டச்சாயினும், அயல்மொழியாயினும், இசையாயினும், கணிப்பொறியாயினும், நும் முயற்சி ஓரிடத்தில் நின்றுவிட்டதாகத் தோன்றும்போது, "எனக்கு வராது" என்று சொல்லுமுன், "இதுவரை எம்முறையில் பழகினேன்? இனி எதை மாற்றுவேன்?" என்று நும்மையே வினவுங்கள். அவ்வினாவிற்கு விடை கிடைக்கும்வரையேனும் விசைகளினின்றும் கையை எடாதிருப்பீராக.