மூத்தவனுக்கு மரியாதை வேண்டாமா?

பேய் வீட்டுக் கணினி விளையாட்டு என்றாலே 1996இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’தான் முன்னோடி என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, 1992இல் பிரான்சில் உருவான ‘அலோன் இன் த டார்க்’ என்று சொல்ல ஆசைதான். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே!

இரண்டுக்கும் மூத்தது, 1989இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் நின்டெண்டோவின் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ பெட்டிக்காக வெளியிட்ட ‘ஸ்வீட் ஹோம்’. மாமியா என்ற ஓவியரின் பாழடைந்த மாளிகைக்குள் ஐந்து பேர் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் சாவி, ஒருவரிடம் மருந்துப் பெட்டி, ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் வேக்குவம் கிளீனர். சிரிக்காதீர்கள், கண்ணாடிச் சில்லுகளை அள்ளாமல் அங்கே நடக்க முடியாது.

பேயைவிட இன்னொன்றுதான் பயம்: செத்தவர் திரும்பி வரமாட்டார். எத்தனை பேர் பிழைத்தார்களோ, அதற்கேற்பக் கதையின் முடிவும் மாறும். ரத்தத்தைக் கொட்டினால்தான் பயம் வரும் என்போர் இதை யோசிக்கட்டும்.

‘ரெசிடென்ட் ஈவில்’ தொடங்கியதே இதைப் புதுப்பிக்கும் முயற்சியாகத்தான். ஜப்பானுக்கு வெளியே விற்பனைக்கு வரவில்லை என்பதற்காகத் தாத்தாவை மறந்துவிட்டுப் பேரனுக்கு முன்னோடிப் பட்டம் கட்டலாமா?