தர்மக் காசில் சம்பளமா?

சென்ற மாதச் செயற்குழுவில் நூலகக் கட்டட நிதி பற்றிப் பேச்சு வந்தது. நிதி திரட்டத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்றார் ஓர் இளைஞர். "தர்மக் காசில் சம்பளமா?" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கேட்டோம். ஆம், நானுந்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் சொன்னதே சரியென்று தோன்றிற்று.

ஹெல்ப்ஏஜ் இந்தியாவை நம்மில் பலர் அறிவோம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து நன்கொடைத் தாளைக் கொண்டுவந்து, மாடி மாடியாக ஏறி ஐந்தும் பத்தும் வாங்கியது நினைவிருக்கும். அதன் தொடக்கம் 1974இல். முதியோர் நலனுக்காகப் பிரிட்டனில் அமைப்பு கண்ட செசில் ஜாக்சன்-கோல் அந்த ஆண்டு இந்தியா வந்தார். தில்லியிலும் அப்படி ஒன்று தொடங்க உதவி வேண்டுமென்று சாம்சன் டேனியல் அவரிடம் பணம் கேட்டார். அவர் பணம் தரவில்லை. பணம் திரட்டக் கற்றுத்தருகிறேன் என்றார்! லண்டனில் மூன்று மாதப் பயிற்சி. திரும்பி வந்த டேனியலும் மனைவியும் தில்லிப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நடைப்பயணம் நடத்தினார்கள். இத்தனை தூரம் நடந்தால் இவ்வளவு தருகிறேன் என்று தெரிந்தவர்களிடம் பிள்ளைகள் முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொள்வது இதன் முறை. அது நன்றாக நடக்கவே, அடுத்த ஆண்டு பம்பாய், கல்கத்தா, சென்னைக்கும் ஆள் போட்டார்கள். 1978 ஏப்ரலில் ஹெல்ப்ஏஜ் இந்தியா தில்லியில் பதிவாயிற்று. மூன்றே மாதத்தில் பிரிட்டன் உதவி நின்றது, அமைப்பு நிற்கவில்லை.

ஜாக்சன்-கோல் அடிப்படையில் ஒரு வியாபாரி. 1942இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபாமின் முதல் கௌரவச் செயலாளர் அவரே. தொண்டு நிறுவனத்தையும் தொழில் போலத் திட்டமிட்டு நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. மக்கள் கொடுத்த பழைய பொருள்களை விற்றுக் காசாக்க 1949இல் ஜோ மிட்டி என்பவரை ஆக்ஸ்ஃபாம் சம்பளத்துக்கே அமர்த்தியது. தர்மம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

நம் வழக்கம் என்ன? ஆண்டு மலருக்கு விளம்பரம் கேட்டு அதே பத்துக் கடை, அதே இரண்டு டாக்டர்கள். ரசீதுப் புத்தகத்தோடு நாம் படியேறினாலே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. சென்ற ஆண்டு யார் எவ்வளவு தந்தார், நன்றிக் கடிதம் போயிற்றா என்று கேட்டால் பதில் செயலாளரின் நினைவில்தான் இருக்கும். அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் அவரோடு பெட்டி கட்டிவிடும். ஆர்வத்துக்கு நம்மிடம் குறைவில்லை. மாலை ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து களைத்து வருகிறவரிடம் எவ்வளவுதான் எதிர்பார்ப்பது?

ஒரு நிபந்தனை மட்டும் எனக்கு உண்டு. வசூலில் இத்தனை சதவீதம் என்று பேசக் கூடாது. அது கொடுப்பவரை நெருக்கச் சொல்லும். மாதச் சம்பளம், அந்தச் சம்பளத்தையும் காட்டி இதே இதழில் வரவு செலவுக் கணக்கு. இதற்கு ஒப்புக்கொண்டு அந்த இளைஞர் அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுந்தால், வழிமொழிய நான் இருக்கிறேன்.