கிழக்குக் கடற்கரையில் சாப்பிட ஒன்றுமில்லையாம்

சென்னையில் யாரிடமாவது மாமல்லபுரம் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "சிற்பம் பாரு, கடலைப் பாரு, சாப்பாட்டை மட்டும் எதிர்பார்க்காதே" என்பார்கள். அடுத்த வாக்கியத்தில் தாய்லாந்தின் புக்கெட் வந்துவிடும், அதற்கடுத்ததில் கிராபி. மணலில் மேசை, மேசையில் மீன், மீன்மேல் எலுமிச்சை. விமானக் கட்டணத்தைச் சேர்த்தாலும் அதுதான் லாபம் என்று கணக்கும் போட்டுக் காட்டுவார்கள். முட்டுக்காட்டிலிருந்து கடப்பாக்கம் வரை நீளும் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை சாப்பாட்டுக்கு ஆகாது என்பது கேட்டுக் கேட்டுப் பழகி, சரிபார்க்கத் தேவையில்லாத உண்மையாகிவிட்டது. அதைத்தான் இங்கே சரிபார்க்கப் போகிறேன்.

முதல் குற்றச்சாட்டு, மீன் புதிதாக இல்லை என்பது. "வஞ்சிரம் கேட்டேன், ஐஸ் வாடை அடித்தது" என்பார்கள். அடித்திருக்கும், சந்தேகமில்லை. இந்தக் கரையில் பெரிய மீன்பிடித் துறைமுகம் கிடையாது. கோவளம், பட்டிபுலம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று வரிசையாக மீனவக் குப்பங்கள். ஃபைபர் படகை மணலில் இறக்கி, மணலிலேயே இழுத்து ஏற்றுகிறார்கள். பல படகுகள் விடியுமுன் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். அன்றைய பாடு அங்கேயே ஏலம் போகிறது. பெரிய வஞ்சிரம், வவ்வால், கொடுவா, சிங்கி இறால் எல்லாம் வியாபாரியின் பெட்டிக்குள் ஏறிச் சென்னைக்குக் கிளம்பிவிடும். மிஞ்சுகிற சங்கரா, கிழங்கான், நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி போன்றவற்றைக் கூறு கட்டி விற்கிறார்கள். சுற்றுவட்டாரச் சந்தைக்குப் பெண்கள் கூடையில் எடுத்துப் போவதும் இவற்றைத்தான்.

ஆக, வருஷம் முழுக்க வஞ்சிரம் தருகிற கடை ஐஸ் பெட்டியை நம்பித்தான் நடந்தாக வேண்டும். குப்பத்து மீனைக் கேட்காமல் சென்னை மீனைக் கேட்டுவிட்டு, வந்தது பழையது என்று கரையைத் திட்டுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி, "இன்னைக்கு என்ன வந்துச்சு?" அதற்கு உடனே பதில் சொல்கிற கடையில் உட்காரலாம். "எல்லாம் இருக்கு சார்" என்கிற கடையை விட்டு எழுந்துவிடலாம். காரப்பொடியில் முள் அதிகம் என்று ஒதுக்குபவர்கள் அதை முழுசாக முறுகலாக வறுத்துத் தின்னாதவர்கள். சித்திரையில் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பும், பால் சுறா கிடைத்த அன்றைக்குப் புட்டும் இந்தக் கரைவாசிகள் வீட்டுச் சாப்பாடு. பட்டியலில் தேடினால் பெரும்பாலும் இருக்காது, கேட்டால் கிடைக்கும்.

அடுத்தது, கடல் தெரிகிற மேசையில்தான் நல்ல சாப்பாடு என்ற நம்பிக்கை. புகார் சொல்கிறவர்களே இதை நம்பிப் போனவர்கள்தான் என்பது வேடிக்கை. மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் முதுகுப்பையோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளுக்காக வளர்ந்தவை. பூண்டு வெண்ணெய் இறால், வாழைப்பழப் பான்கேக், ஆளில்லாத மொட்டைமாடி, மெல்லிய இசை. அந்தச் சமையலுக்கு என்று ஒரு நாக்கு இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் அங்கே ஒரு நல்ல வழக்கமும் உண்டு: சமைக்குமுன் பச்சை மீனைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்போது வெட்கப்படாமல் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கக் கூடாது. எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்பதை எண்ணெயில் போடுமுன் பேசி முடித்துவிட வேண்டும். பொரித்த பிறகு பேரம் செல்லாது.

ஆனால் கடல் தெரிகிற இடத்துக்கு வாடகை அதிகம். அதைக் கட்டுவது நீங்கள்தான், கட்டுகிற பணமும் மீனில் சேராது. பேருந்து நிலையம் பக்கம், புதுப்பட்டினம் கடைவீதிப் பக்கம் இலை போட்டோ தட்டு வைத்தோ மதியச் சாப்பாடு போடுகிற மெஸ்களுக்கு, நாள் தவறாமல் வந்து உட்கார்கிற உள்ளூர்க்காரர்தான் பிழைப்பு. டிரைவர், கல்தச்சர், அணுமின் நிலையத் தொழிலாளி. ஒரு நாள் குழம்பு கெட்டால் மறுநாள் பெஞ்சு காலி. கடல் தெரியும் மேசைக்கு அந்தப் பயம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை புதிய ஆள் வருகிறார்.

புக்கெட்டை உதாரணம் காட்டுகிறவர்கள் அந்த ஊரையே சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. 2015இல் யுனெஸ்கோ புக்கெட்டை உணவுக்கலை நகரங்களின் வரிசையில் சேர்த்தது உண்மைதான். அந்தப் பெருமைக்குக் காரணம் பதோங் கடற்கரையில் விளக்குப் போட்ட கடைகள் இல்லை. தகரச் சுரங்க வேலைக்கு வந்து தங்கிய ஹொக்கியன் சீனர்களின் சமையல், மலாய்ச் சமையல், தென் தாய்லாந்துச் சமையல் மூன்றும் கலந்து ஊருக்குள், பழைய நகரத்துத் தெருக்களில், உருவான சாப்பாடு அது. அங்கேயும் நன்றாகச் சாப்பிட்டவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள்தான். (அந்தப் பக்கம் போகிறவர்கள் சற்று வடக்கே தக்குவா பாவை நினைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் பற்றியது. பல்லவர் காலத்தில் அந்தக் கரைக்குப் போன நம்மாட்கள் முதலில் தண்ணீருக்கு வழி செய்திருக்கிறார்கள்.)

மூன்றாவது, தடைக்காலம். "ஏப்ரல், மே மாதம் கடற்கரைக்குப் போனால் மீனே இருக்காது" என்று சொல்லிப் பள்ளி விடுமுறைப் பயணத்தையே வேறு திசைக்கு மாற்றுகிறார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பது சரி. தடை விசைப்படகுகளுக்கு. கட்டுமரத்துக்கும் ஃபைபர் படகுக்கும் இல்லை. காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் சென்னைச் சந்தைக்குக் கேரளத்திலிருந்து லாரியில் மீன் வருகிறது. கோவளத்து மணலிலோ அன்றைய மீன் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. விலை ஏறும், அளவு குறையும். ஆனால் தடைக்காலத்தில் சென்னையில் தின்கிற மீனைவிட இங்கே தின்கிற மீன் கடலை விட்டு வந்து நேரமாகாதது.

உண்மையில் அடுப்பு அணைகிற காலம் ஒன்று உண்டு, அதை இந்தப் புகார்க்காரர்கள் சொல்வதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்து, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் சின்னப் படகுகள்தான் முதலில் கரையேறும். அந்த வாரம் யாராவது "இன்று பிடித்த மீன்" என்று சொன்னால் எந்தக் கடலில் என்று கேட்கலாம். அதற்கு முந்தைய புரட்டாசியோ அசைவக்காரர்களுக்கு நல்ல மாதம். ஊரே விரதத்தில் இருப்பதால் விலை இறங்கும், கூட்டமும் இருக்காது. பொங்கல் தாண்டினால் கடல் அடங்கும். காணும் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு தை, மாசியில் போவதுதான் என் சிபாரிசு.

சைவர்களுக்கு ஒன்றுமில்லை என்ற பேச்சுக்கு நீளமான பதில் தேவையில்லை. 2019 அக்டோபர் 11 இரவு கடற்கரைக் கோயில் அருகே சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்குப் பிரதமர் கொடுத்த விருந்தில் அசைவமும் இருந்தது. ஆனாலும் மறுநாள் பேச்செல்லாம் அரைத்துவிட்ட சாம்பார், தக்காளி ரசம், கடலைக் குருமா, கவுனி அரிசி அல்வா பற்றித்தான். அந்த அல்வா செட்டிநாட்டுக்காரர்களுடையது, அதை விடுங்கள். சாம்பாரும் ரசமும் எந்தக் கோயில் ஊர் ஓட்டலிலும் கிடைக்கும். மாமல்லபுரத்துக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் திருக்கழுக்குன்றம். இரண்டு கழுகுகள் நண்பகலில் மலைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போன ஊர். பறவை நூல்கள் மஞ்சள்முகப் பாறு என்று சொல்லும் அந்தக் கழுகுகள் பல வருஷங்களாக வருவதில்லை. மனிதர்களுக்கு இட்லியும் பொங்கலும் இன்னும் கிடைக்கிறது. தாய்லாந்தில் சைவத் தமிழர் படுகிற பாடு தனி. கீரைப் பொரியலிலும் மீன் சாறு இருக்கும், காய்க் குழம்பிலும் இறால் விழுது இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதிய "ஜே" கடையைத் தேடி அலைய வேண்டும். அங்கே வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

சுத்தம், விலை. இதில் மட்டும் எதிர்த்தரப்புக்குப் பாதிக்கு மேல் மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். தாய்லாந்தின் இரவுச் சந்தைகளில் விலை எழுதி மாட்டியிருப்பதை நிறையப் பார்க்கலாம். இங்கே முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார்கள், காரின் மாடலைப் பார்த்தும் சொல்கிறார்கள். மணலோரத் தள்ளுவண்டிகளில் செக்கச்செவேலென்று மசாலா பூசி அடுக்கி வைத்த மீன், கறுத்த எண்ணெயில் மாலை முழுக்கத் திரும்பத் திரும்பக் குளிக்கிறது. மிளகாயில் அந்தச் சிவப்பு வராது. பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தபோது எல்லோரும் பதறினோம். வறுத்த மீனின் நிறத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. கரைக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததில் இந்த வண்டிகளின் பங்கு பெரிது. அதற்காகக் கரை முழுவதையும் தள்ளிவைப்பது, நுங்கு சீவித் தரும் கைகளையும் சேர்த்துத் தள்ளிவைப்பதாகும். பங்குனி, சித்திரையில் சாலையோரம் பனை ஓலைக்கடியில் கிடைக்கும் நுங்குக்கும் பதநீருக்கும் ஈடான பானம் எந்தச் சொகுசு விடுதியிலும் இல்லை.

கடைசியாக வேடந்தாங்கல். "அங்கே போனால் பட்டினிதான், சென்னையிலேயே பார்சல் கட்டிக்கொள்" என்பது எல்லோரும் தருகிற அறிவுரை. சரணாலய வாசலில் பெரிய ஓட்டல் இல்லை என்பது உண்மை, இல்லாததே நல்லது. இங்கே பறவைகளுக்குத்தான் முதல் மரியாதை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ்தான். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் இந்த ஊர் பறவைகளைக் காத்ததற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்தத் தண்ணீரில் நெல் விளையும் என்பது ஊராருக்கு 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்வதற்கு வெகு முன்பே தெரியும்.

பார்சல் கட்டுகிறவர்கள் கவனிக்காத ஒன்று: அந்தப் பறவைகளே வேடந்தாங்கலில் வயிறு நிரப்புவதில்லை. நீர்க்கடம்ப மரத்தில் கூடு கட்டிக்கொண்டு, இரைக்குச் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும் கழிமுகங்களுக்கும் பறந்து போகின்றன. நத்தை குத்தி நாரை வயலுக்கு, கூழைக்கடா பெரிய நீருக்கு. மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதைத்தான் நாம் பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்று பார்க்கிறோம். தங்குமிடமும் சாப்பாட்டிடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விடுதிக் கலாசாரம் மனிதனுக்கு மட்டும்தான்.

அதனால் காலையில் குப்பத்து மணலில் என்ன இறங்கியது என்று பாருங்கள், அதையே மதியம் புதுப்பட்டினத்திலோ மாமல்லபுரத்திலோ குழம்பாகச் சாப்பிடுங்கள். சைவமானால் திருக்கழுக்குன்றம். பிறகு செங்கல்பட்டு வழியாக வேடந்தாங்கலுக்கு ஒன்றரை மணி நேரம், பறவைகள் திரும்பும் வேளைக்குச் சரியாக இருக்கும். இருட்டிய பிறகு ஜி.எஸ்.டி. சாலைக்கு ஏறினால் பித்தளை டம்ளரில் காபி தருகிற "கும்பகோணம் டிகிரி காபி" கடைகள் வரிசையாக வரும். கும்பகோணத்துக்கும் அவற்றில் பலவற்றுக்கும் என்ன உறவு என்று நானும் கேட்டதில்லை, காபி நன்றாகவே இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மெஸ்களில் மீன் குழம்பு இரண்டரை மணிக்கெல்லாம் வழித்துவிடுவார்கள், கடற்கரைக் கோயிலில் படம் எடுத்தது போதும் என்று ஒரு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.