எப்படி பேலன்ஸ் பண்றீங்க?

"வீடு, குழந்தைங்க, இதுல இந்த கிளாஸ் வேற... எப்படிங்க பேலன்ஸ் பண்றீங்க?"

வாரத்துக்கு ரெண்டு பேராவது என்கிட்ட கேட்கிற கேள்வி இது. நம்ம ரங்கமணியும் பதினஞ்சு வருஷமா ஒரு கம்பெனியில ஆணி புடுங்கிக்கிட்டுதான் இருக்கார். அவருக்கும் அதே வீடு, அதே குழந்தைங்கதான். அவரை இதுவரைக்கும் ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்லை. இந்தப் பதிவே அதைப் பத்தித்தான். கொஞ்சம் புலம்பலா இருக்கும், பொறுத்துக்குங்க :-)

முதல்ல என் வேலை என்னன்னு சொல்லிடறேன். "நர்ஸா?" இல்லை. "மருத்துவச்சியா?" அதுவும் இல்லை. "ஓ, கர்ப்பிணிகளுக்கு யோகா!" இல்லவே இல்லை. பிரசவத்துக்குத் தயாராகிற தம்பதிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வலி எப்படித் தொடங்கும், எப்போ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும், வலி ஏறும்போது எப்படி மூச்சு விடறது, குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரத்துல எப்படிப் பால் கொடுக்கிறது, சிசேரியன்னு சொன்னா டாக்டர்கிட்ட என்னென்ன கேட்டுக்கணும். இவ்வளவுதான். வைத்தியம் பார்க்கிறதெல்லாம் டாக்டர் வேலை.

வெளிநாட்டுல இது பழைய சங்கதி. லமாஸ்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1951-ல சோவியத் யூனியன் போய்ப் பார்த்துட்டு வந்து பாரிஸ்ல ஆரம்பிச்சார். 1960-ல அமெரிக்காவுல இதுக்குன்னு ஒரு சங்கமே வந்துடுச்சு. நம்ம ஊர்ல இந்த வேலையைப் பாட்டியும் அத்தையும் சம்பளமில்லாம பார்த்துக்கிட்டாங்க. வளைகாப்பு முடிஞ்ச கையோட தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிடுவா. இப்போ அம்மாதான் கும்பகோணத்துலேர்ந்து திருவான்மியூர் ஃப்ளாட்டுக்குப் பெட்டியோட வந்து இறங்கறாங்க. பொண்ணு ஒன்பதாம் மாசமும் லேப்டாப்பை மூடாம உட்கார்ந்திருக்கா. பேச ஆள் இல்லாத அந்த இடத்துலதான் என் கிளாஸ் நிக்குது.

அவசியமான்னு கேட்டீங்கன்னா, 2019-21 தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்க. தமிழ்நாட்டுல 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகள்ல மட்டும் பார்த்தா 63.8. அதுக்கு முந்தின 2015-16 ஆய்வுல மொத்தமே 34.1தான். உயிரைக் காப்பாத்துற சிசேரியனைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனா எதுக்காகன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒரு பொண்ணு அந்த மேஜையில படுக்கணும், அவ்வளவுதான் என் கட்சி.

சரி, கணக்குக்கு வருவோம். வர்றவங்க எல்லாரும் திங்கள் முதல் வெள்ளி வரை ஓஎம்ஆர்ல இருக்காங்க. அதனால சனிக்கிழமை சாயங்காலம் அடையாறு, ஞாயித்துக்கிழமை காலையில மந்தைவெளி. என் பசங்களுக்கு லீவும் அதே ரெண்டு நாள்தான். அறுபத்துமூவர் அன்னைக்கு மாட வீதிப் பக்கம் ஆட்டோவே வராது, கிளாஸை மாத்தணும். தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகர்லேர்ந்து வர்ற ஜோடி பனகல் பார்க்கைத் தாண்டறதுக்குள்ள பாதிப் பாடம் முடிஞ்சிருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு போன்: "அக்கா, தண்ணி போற மாதிரி இருக்கு." உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிட்டு வெச்சாலும், அப்புறம் எனக்குத் தூக்கம் வராது. இதுக்கு நடுவுல ஒரு வீணை, பத்து வருஷமா உறைக்குள்ள. மார்கழி சீசன்ல மயிலாப்பூர்ல குடியிருந்துக்கிட்டு ஒரு கச்சேரிகூட கேட்காத ஜென்மம் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

நேரம் பத்தலைங்கிறது நிஜம்தான். ஆனா என் கடுப்பு அதுமேல இல்லை. நான் பண்றதை யாரும் வேலைன்னே ஒத்துக்கறதில்லை, அதுதான் கடுப்பு. "புண்ணியமாச்சே, இதுக்குப் போய்க் காசு வாங்கலாமா?"ன்னு கேட்கறவங்க, வயித்தைக் காட்டி போட்டோ எடுக்கப் பல ஆயிரம் கொடுத்துட்டு வர்றாங்க. ரங்கநாதன் தெருவுல பேரம் பேசலாம், நியாயம். என்கிட்டயுமா? காசு வாங்காத வேலை வீட்டுல பொழுதுபோக்கு ஆயிடும். பொழுதுபோக்கை யாரும் நகர்த்தலாம். "ஞாயித்துக்கிழமை சித்தி பையன் நிச்சயதார்த்தம், கிளாஸைத் தள்ளி வெச்சுக்கோயேன்." இவரோட ரிலீஸை எந்தச் சித்தியாவது தள்ளி வைக்கச் சொல்வாங்களா?

இன்னொரு வேடிக்கை. 2017 திருத்தத்துல மகப்பேறு விடுப்பு 12 வாரத்துலேர்ந்து 26 வாரம் ஆச்சுன்னு ஒவ்வொரு பேட்ச்லயும் விளக்கறேன். சம்பளக்காரங்களுக்குப் பெரிய வரம். சொல்லிக்கொடுக்கிற எனக்கு எத்தனை வாரம்? பூஜ்யம். ரெண்டாவது பையனைச் சுமந்துக்கிட்டு எட்டாம் மாசம் வரைக்கும் கிளாஸ் எடுத்தேன். நிறுத்தின அன்னைக்கே வருமானமும் நின்னுடுச்சு. மாட வீதிப் பூக்காரம்மா, ட்யூஷன் டீச்சர், பியூட்டி பார்லர் பொண்ணு, எல்லாருக்கும் இதே கதை. அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியர்னா 15 நாள். தனியார்ல நாடு முழுக்கன்னு ஒரு சட்டமும் இல்லை, கம்பெனி மனசு வெச்சாத்தான்.

அதனால என் கருத்து இதுதான்: பேலன்ஸ்ங்கிறது ஒருத்தி தனியா கயித்து மேல நடக்கிற வித்தை இல்லை. வீட்டுல ரெண்டு பேர் பேசி எழுதி வெச்சுக்க வேண்டிய ஒப்பந்தம். அதுவும் குழந்தை பிறக்கிறதுக்கு முன்னாடியே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914-ல கல்யாணத்துக்கு முன்னாடியே நிபந்தனை போட்டாங்க: என்னைச் சமமா நடத்தணும், நான் செய்ய நினைக்கிறதுக்குக் குறுக்கே நிக்கக் கூடாது. சுந்தர ரெட்டி ஒத்துக்கிட்டார். அப்புறம்தான் சட்டமன்றம், அடையாறுல அவ்வை இல்லம், புற்றுநோய் ஆஸ்பத்திரி எல்லாம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம இன்னும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னுதான் பொண்ணுக்கு ஆசீர்வாதம் பண்றோம்.

என் கடைசி கிளாஸ்ல மூச்சுப் பயிற்சி கிடையாது. ஆளுக்கு ஒரு பேப்பர். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டறது யார்? துணி துவைக்கிறது யார்? தடுப்பூசிக்கு லீவு போடறது யார்? தனித்தனியா எழுதணும், அப்புறம் மாத்திப் படிக்கணும். அங்கேயே சண்டை வரும். வரட்டும், பால் கட்டிக்கிட்ட மார்போட ராத்திரியில போடற சண்டைக்கு இது எவ்வளவோ தேவலை.

எங்க வீட்டுலயும் அதே பேப்பர்தான். ஞாயித்துக்கிழமை 9 மணிலேர்ந்து 1 மணி வரைக்கும் வீடு ரங்கமணி பொறுப்பு. நான் முன்கூட்டியே சமைச்சு வெக்கறதில்லை. முதல் மாசம் உப்புமாவாவே ஓடுச்சு. மாமியார் முகம் ஒரு மாதிரி இருந்தது. இப்போ அவங்களே பையனுக்குக் கூட்டு வெக்கக் கத்துக்கொடுக்கறாங்க. காலையில அரை மணி நேரம் எனக்குன்னு எடுத்து வீணையை வெளியில எடுத்தாச்சு. சரளி வரிசைதான், சிரிக்காதீங்க :-)

தங்கமணிகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இனிமே சின்னக் குழந்தை இருக்கிற ஆம்பளை யாரையாவது ஆபீஸ் லிஃப்ட்ல பார்த்தா, "வீடு, குழந்தை, வேலை... எப்படிங்க பேலன்ஸ் பண்றீங்க?"ன்னு கேளுங்க. என்ன முழி முழிச்சார்னு வந்து சொல்லுங்க.