நொய்யல் பாதாளத்துல விழுந்த கதை

கோயம்புத்தூர்க்காரங்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. 11 டிகிரி அட்சரேகையும் 77 டிகிரி தீர்க்கரேகையும் சந்திக்கிற இடம் ஊரை ஒட்டியே இருக்கு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் வச்சு அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவோ டிகிரிக்கு ஒரு துண்டு. ஆக, நம்ம ஒரு ஊருக்கு நாலு துண்டு!

எங்க தெரு மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பாக்க ஆசைப்பட்டு, நாலையும் தனித்தனியா யுடிஎம்முக்கு மாத்தி, ஜிடால் மெர்ஜ் கட்டளையில ஒட்டினேன். பிழைச்செய்தி எதுவுமில்லை. ஆனா கணக்குல நொய்யல் திருப்பூர் பக்கமே போகலை. 77 டிகிரி கிட்ட பூஜ்யம் மீட்டர் பள்ளத்துல தொபுக்கடீர்!

யுடிஎம்முக்கு மாத்தும்போது துண்டு லேசா சாயும். ஓரத்துல காலியாகிற இடத்தை ஜிடால் பூஜ்யத்தால நிரப்பிடுது (என் கோப்புல 'தரவு இல்லை' மதிப்பு குறிக்கலை, தப்பு என்னுதுதான்). மெர்ஜுக்கு கடைசியா வர்ற படம்தான் மேல. அந்தப் பூஜ்யமும் நல்ல உயரத்து மேல உக்காந்துக்குது.

மெர்ஜுல '-என் 0' கொடுத்தா தீரும்பாங்க. கோவைக்கு சரி. நாகப்பட்டினத்துல பூஜ்யம்ங்கிறது நிஜமான உயரமாச்சே?

என் கட்சி இதுதான்: முதல்ல ஒட்டு, அப்புறம் மாத்து. அதுக்கு ஜிடால் பில்ட் விஆர்டி போதும். படத்தை நகலெடுக்காம, எது எங்கேன்னு சின்ன உரைக்கோப்புல எழுதி வைக்கும். அதை ஒரே தடவை யுடிஎம்முக்கு மாத்தினேன்.

நொய்யல் இப்ப ஒழுங்கா திருப்பூர் போகுது. 30 மீட்டர் கட்டத்துல எங்க தெருதான் தெரியவே இல்லை :-(